துர்க்கையின் கைக்கு அடியில் ஒரு பட்டன்

தமிழ்நாட்டிலிருந்து வங்காளத்துக்கு, எங்கள் கரியாஹாட் அலுவலகத்துக்கு, நான்கு பேர் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் ஓய்வு பெற்று எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் முதலாளி போன் செய்து, "புதுப் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள், உங்கள் மொழியிலேயே எழுதுங்கள்" என்று கேட்டுவிட்டார். இருபத்திரண்டு வருடம் அவர் எதிரே உட்கார்ந்து நான் சொன்ன எதையும் அவர் எழுதி வைத்துக்கொண்டதில்லை. வேலையை விட்டுப் போனவர்களுக்குத் திடீரென்று ஞானம் பிறந்துவிடும் என்று எல்லா அலுவலகங்களிலும் ஒரு நம்பிக்கை இருக்கிறது.

இணையப் பக்கத்தை அழகாக அடுக்கும் சிஎஸ்எஸ் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. நீங்கள் படித்துவிட்டு வந்தவர்கள். நான் உடைத்து உடைத்துக் கற்றுக்கொண்டவள். இந்த வேலைக்கு நான் வந்தது அச்சகத்திலிருந்து. கல்யாணப் பத்திரிகை, பூஜை மலர், பள்ளிக்கூடத்து ஆண்டு மலர் என்று தாளில் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன். தாளில் ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை வைத்தால் மேலே இருப்பது தெரியும், கீழே இருப்பது மறையும். சட்டம் அவ்வளவுதான். தாளை யாரும் விரலால் தட்டி, ஏன் திறக்கவில்லை என்று கேட்பதில்லை. திரையில் கேட்பார்கள். இந்தச் சின்ன வித்தியாசம் என் மண்டையில் ஏறுவதற்குள் ஒரு மனிதர் மூச்சுக்குத் தவிக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில் எங்கள் அலுவலகத்து ஒன்பதுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் பல பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்போது எது மேலே நிற்க வேண்டும், எது கீழே என்று சொல்வதற்கு இசட்-இண்டெக்ஸ் என்று ஓர் எண் கொடுக்கிறோம். பெரிய எண்ணுக்கு மேல் இடம். ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடுத்தாலே போதும். எங்கள் அலுவலகத்தில் யாரும் அப்படிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. மெனு செய்தவர் 99 என்று போடுவார். அரட்டைப் பெட்டி செய்பவர், மெனு தன் பெட்டியை மறைக்கிறதே என்று 999 போடுவார். தள்ளுபடி அறிவிப்புக்காரர் 9999. எதற்காக, யாரை மீறி என்று ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. ஒரு ஒன்பதைக் கூடச் சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நானும் சளைத்தவள் அல்ல. என் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

எங்களுக்கு அப்போது ஒரு டயாலிசிஸ் மையம் வாடிக்கையாளராக இருந்தது. சிறிய இடம், பத்துப் பன்னிரண்டு இயந்திரங்கள். வாரம் இரண்டு முறை, மூன்று முறை என்று வருகிற நோயாளிகளுக்கு அங்கே நிரந்தரமாக ஒரு நேரம் இருக்கும். ஆனால் துர்கா பூஜை வாரத்தில் அந்தக் கணக்கெல்லாம் கலைந்துவிடும். ஊழியர்களுக்கு விடுமுறை, பாதி இயந்திரங்கள்தான் ஓடும். அதனால் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் எல்லோரும் இணையதளத்தில் புதிதாக நேரம் பதிவு செய்ய வேண்டும். போன் செய்தால், இணையதளத்தைப் பார்க்கவும் என்று ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் கனிவாகச் சொல்லும்.

மையத்தின் மேனேஜருக்கு அந்த வருடம் இணையதளத்தில் பூஜைக் களை வேண்டும் என்று ஆசை வந்தது. துர்க்கையின் படம் ஒன்று அனுப்பினார். பத்துக் கைகளையும் விரித்து, ஆயுதங்களோடு, இரண்டு பக்கமும் நாணல் போன்ற காஷ் பூக்கள் வெள்ளை வெள்ளையாக அசைவதுபோல் அழகான படம். பின்னணி இல்லாத படம் என்பதால் பக்கத்தில் எங்கே வைத்தாலும் அடியில் இருப்பது தெரியும். மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அம்மனின் முகத்துக்கு மேலோ கைகளுக்கு மேலோ எதுவும் வரக்கூடாது. எழுத்தும் கூடாது, கோடும் கூடாது, பட்டனும் கூடாது.

நான் மறுபேச்சுப் பேசவில்லை. எனக்கும் சாமி பயம் உண்டு. அம்மன் தலையில் போய் ஒரு நீலப் பட்டனை வைப்பேனா? பக்கத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் மேலே அவளை ஏற்றிவைத்தேன். ஐந்து ஒன்பது போட்டேன். பக்தியோடு போட்டேன். என் லேப்டாப்பில் பார்த்தேன், பிறகு என் போனில் பார்த்தேன். பரந்த திரை கொண்ட புதுப் போன். அம்மன் மேலே நிறைந்து நின்றாள். பதிவுப் பட்டன் அவள் பாதத்துக்குக் கீழே பளிச்சென்று தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு தளத்தில் ஏற்றிவிட்டேன்.

லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் என் வீடு இரண்டாவது மாடி. எனக்கு நேர் கீழே முதல் மாடியில் சரசக்காவும் அவர் கணவரும் இருந்தார்கள். இரண்டு குடும்பங்களும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தலைமுறையில் வந்தவை. அவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைகள் இல்லை. அண்ணாச்சிக்குச் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் டயாலிசிஸ். அதே மையத்தில்தான்.

சதுர்த்தி அன்று, புதன்கிழமை காலை, நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது சரசக்கா மாடியேறி வந்தார். கையில் அவருடைய போன். மூலையில் விரிசல் விட்ட சின்னத் திரை. பின்மூடி கழன்று விழாமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

"ஏம்மா, இந்த டயாலிசிஸ் பக்கம் நீங்கதான செஞ்சது? நேரம் போடுத பட்டனை ரெண்டு நாளா அமுக்குதேன், ஒண்ணும் தொறக்க மாட்டேங்கு. வெள்ளிக்கிழமைக்கு அண்ணாச்சிக்குப் போட்டாகணும்லா."

நான் என் போனை எடுத்தேன். பக்கத்தைத் திறந்தேன், பட்டனைத் தட்டினேன். படிவம் ஜம்மென்று திறந்தது. அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாருங்கக்கா. எனக்கு வேலை செய்யுதே."

"ஆமா, செய்யுதே" என்றார் அக்காவும்.

"உங்க போன் ரொம்பப் பழசாயிட்டு. அதான். புதுசு ஒண்ணு வாங்கிருங்க. பூஜைக்கு எல்லாக் கடையிலயும் தள்ளுபடி போட்டிருக்கான்."

அக்கா தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரிம்மா. வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

என் கையில் படிவம் திறந்தபடியே இருந்தது. பெயர், நோயாளி எண், நாள், நேரம். இரண்டு நிமிட வேலை. நான் அதை மூடிவிட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனேன். இந்தக் கதையைப் பல பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். படிவத்தை மூடிய இந்த இடத்தை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுவேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அடுத்தவர் வீட்டுக் கூடத்தையே இடித்துக் கட்டச் சொல்லிவிட்டுப் போனவள்.

மறுநாள் பஞ்சமி. பூஜைக்கு முன் அலுவலகத்தின் கடைசி நாள். மேனேஜர் போன் செய்தார், மிகவும் சந்தோஷமாக. இந்த வருடம் பதிவுகள் வழக்கத்தில் பாதிகூட இல்லையாம். "பூஜைக்கு சிறுநீரகங்களும் லீவு போட்டுவிட்டன போலிருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தார். தொழில்நுட்ப ஊழியர்கள் இன்னும் இரண்டு பேருக்கு விடுமுறை கொடுத்துவிட்டாராம். நானும் சிரித்தேன். டயாலிசிஸ் செய்துகொள்பவர் யாரும் விருப்பப்பட்டு அங்கே வருவதில்லை, விருப்பப்பட்டு வராமல் இருக்கவும் முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்தோம். தளத்திலிருந்து ஒரு புகாரும் வரவில்லை என்றால் தளம் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். புகார் சொல்லும் பட்டனும் அதே பக்கத்தில்தான் இருக்கும்.

சப்தமி, சனிக்கிழமை. தெருமுனைப் பந்தலில் காலையிலிருந்தே டாக் என்கிற பெரிய மேளத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணி வாக்கில் காய்கறி வாங்குவதற்காகக் கீழே இறங்கினேன். கடைசிப் படியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, மூச்சை எண்ணி எண்ணி விடுவதுபோல் விட்டுக்கொண்டிருந்தார். முகம் ஊதியிருந்தது. கால் வீங்கி, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னக்கா, அண்ணாச்சிக்கு என்ன?"

"செவ்வாக்கிழமை பண்ணினதும்மா. நேத்து போயிருக்கணும். பட்டன் தொறக்கவே இல்ல. இன்னைக்கு விடிஞ்சதும் டாக்ஸி பிடிச்சு நேராவே போயிட்டோம். வாட்ச்மேன் உள்ளயே விடல. ஆன்லைன்ல போட்டுட்டு வாங்கன்னுட்டான். திரும்பி வந்தா இவுகளால மாடியேற முடியல."

"புதுப் போன்?"

"வியாழக்கிழமை கரியாஹாட்டுக்குப் போனேன். புடவை எடுக்க வந்த கூட்டம், கடைக்குள்ள காலை வைக்க முடியல. இவுகள விட்டுட்டு எவ்வளவு நேரம் நிக்க?"

அண்ணாச்சி தலையைத் தூக்கினார். "விடும்மா" என்றார். கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "எல்லாரும்... சாமி பாக்கப் போயிருப்பாவ. நாம... அவசரப்பட்டா முடியுமா?"

அக்காவின் கையிலிருந்து போனை வாங்கினேன். பக்கம் திறந்திருந்தது. பட்டன் தெளிவாகத் தெரிந்தது. நீலம், வெள்ளை எழுத்து, ஒரு குறையும் இல்லை. தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினேன். பிறகு, ஆத்திரத்தில், விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தேன். போன் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, "படத்தைச் சேமிக்கவா?" என்று கேட்டது.

என் விரலுக்கு அடியில் படமே இல்லை. பட்டன்தான் இருந்தது. ஆனால் போன் பொய் சொல்லாது. படம் இருந்தது, என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. அம்மன் பத்துக் கைகளோடு இருந்தாலும் படம் என்பது ஒரு செவ்வகம். கைகளுக்கு இடையே உள்ள காலி இடமும், மூலைகளும், காஷ் பூவுக்குக் கீழே உள்ள வெறும் வெளியும் அந்தச் செவ்வகத்தைச் சேர்ந்தவைதான். என் பரந்த போனில் அந்தச் செவ்வகம் பட்டனுக்கு மேலேயே முடிந்துவிட்டது. அக்காவின் சின்னத் திரையில் எல்லாம் நெருங்கி வந்து, இடது பக்கத்துக் கடைசிக் கைக்குக் கீழே உள்ள வெறும் மூலை பட்டன்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. புடவைக் கடையில் நன்றாகத் துடைத்து வைத்த கண்ணாடிக் கதவில் மூக்கை இடித்துக்கொள்கிறோமே, அந்தக் கதை. உள்ளே இருப்பதெல்லாம் தெரியும், கை போகாது.

போனை அக்கா கையிலேயே திணித்துவிட்டு மாடிக்கு ஓடினேன். அந்த வயதில் இரண்டு இரண்டு படியாக ஏறினேன் என்றால் நம்புங்கள். லேப்டாப்பைத் திறந்தேன். அம்மனுக்கு ஐந்து ஒன்பது என்றால் பட்டனுக்கு ஆறு. ஏற்றிவிட்டு மாடிப்படிக் கைப்பிடியில் எட்டிப் பார்த்துக் கத்தினேன்.

"அக்கா, இப்ப அமுக்குங்க!"

"இல்லம்மா!"

ஏழு ஒன்பது. "இப்ப?"

"இல்லம்மா!"

எட்டு. ஒன்பது. சத்தியமாகச் சொல்கிறேன், கீழே ஒரு மனிதர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, நான் மேலே உட்கார்ந்து ஒன்பதுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பத்தாவது ஒன்பதுக்கு முன்னால்தான் புத்தி வந்து, எங்கள் அலுவலகத்தில் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவளுக்கு போன் செய்தேன்.

அவள் என்னைவிட இருபது வயது சின்னவள். கற்றுக்கொடுத்தவர் என்றால் நரைத்த தலையாக இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்திருந்தால் அது உங்கள் தவறு. பெயரைச் சொன்னால் என்னை அடிக்க வருவாள், அதனால் சொல்லவில்லை. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்ததால் வாயில் தமிழ் பாதி, வங்காளம் பாதி. என்னை தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள். அன்று ஏதோ ஒரு பந்தல் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். டாக் சத்தத்துக்கு மேல் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். செவ்வகம், மூலை, ஒன்பது ஒன்பதுகள், படியில் அண்ணாச்சி.

"தீதி, ஒரு நிமிஷம்" என்றாள். "அவர் இப்ப எங்க இருக்கார்?"

"கீழ படியில."

"உங்க போன்ல அந்த பட்டன் வேலை செய்யுதுல்ல?"

"செய்யுது."

"அப்ப ஆகே அவருக்கு புக் பண்ணுங்க. மொதல்ல அது. கோட் எங்கயும் ஓடிப் போகாது."

அந்தப் போனைத்தான் நான் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளைப் பற்றி என் அம்மா சொல்லும்போதெல்லாம், இப்படியும் ஒரு முட்டாள் இருப்பாளா என்று நினைத்திருக்கிறேன். புதன்கிழமையே இந்தப் போனில் இந்தப் படிவம் திறந்திருந்தது. நான்தான் மூடினேன்.

கீழே ஓடினேன். அக்கா நோயாளி எண்ணைச் சொல்லச் சொல்லத் தட்டினேன். ஊழியர்களைக் குறைத்துவிட்டதால் சனிக்கிழமைக்கு ஒரே ஒரு நேரம்தான் மீதம் இருந்தது, பதினொன்றரை மணி. பதிவானதற்கான செய்தி என் போனுக்குத்தான் வந்தது. வாட்ச்மேனிடம் அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவான். அதனால் என் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவர் போனை நான் வாங்கிக்கொண்டேன். பந்தல் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒரு டாக்ஸிக்காரர் சம்மதித்தார். அண்ணாச்சி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார்.

அவர்கள் போன பிறகுதான் பக்கத்தைப் பற்றி யோசிக்க எனக்கு உரிமை வந்தது. ரப்பர் பேண்ட் போட்ட அந்தப் போனிலிருந்தே மறுபடி எனக்குக் கற்றுக்கொடுத்தவளைக் கூப்பிட்டேன். எத்தனை ஒன்பது போட்டும் பட்டன் ஏன் மேலே வரவில்லை என்று கேட்டேன்.

"பட்டன் ஒரு பெட்டிக்குள்ள இருக்குல்ல தீதி? அந்தப் பெட்டி பக்கத்துலேர்ந்து வழுக்கிட்டு வரணும்னு நம்ம முதலாளி கேட்டார், ஞாபகம் இருக்கா? அதுக்குப் போட்ட ஒரு வரியால அந்தப் பெட்டி தனி மாடி ஆயிடுச்சு. முதல் மாடில இருக்கறவர் எத்தனை ஸ்டூல் போட்டு ஏறினாலும் ரெண்டாவது மாடிக்காரங்க காலுக்குக் கீழதான் இருப்பார். மாடியையே தூக்கணும்."

நான் எந்த மாடியில் குடியிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாமல்தான் சொன்னாள்.

மாடியைத் தூக்கலாம், பெட்டி முழுவதையும் அம்மனுக்கு மேலே கொண்டுவரலாம். ஆனால் பெட்டிக்கு வெள்ளைப் பின்னணி. மேலே வந்தால் சின்னத் திரையில் அம்மனின் இரண்டு கைகளை மறைத்துவிடும். மேனேஜரைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று அவரைக் கூப்பிட்டேன். அவர் தன் தெருப் பந்தலின் கமிட்டிச் செயலாளர். அன்று அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. என் அண்ணாச்சிக்கும் அன்று அதே நிலைமைதான் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சப்தமியும் அதுவுமாக துர்க்கை மாவின் கைகளை வெட்டுவதா என்று அதிர்ந்துபோனார். அப்படியானால் படத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன். தசமிக்கு முன்னால் சாமியைக் கரைக்கும் விசர்ஜனம் கிடையாது என்றார். நோயாளிகளால் பதிவு செய்ய முடியவில்லை என்றேன். போன் செய்யட்டுமே என்றார். போன் செய்தால் இணையதளத்தைப் பார்க்கச் சொல்கிறது என்றேன். பிறகு, தசமி கழித்துப் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

நான் முடிவு செய்துவிட்டேன். மறுபடி அந்தச் சின்னவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "படத்தை எடுக்கிறேன். வாடிக்கையாளர் போனால் போகட்டும். என்னை வேலையை விட்டு நீக்கினாலும் சரி." வீரம் ஒன்றும் இல்லை. படியில் கழற்றி வைத்திருந்த அந்தச் செருப்பு கண் முன்னால் நின்றது.

"இருங்க தீதி" என்றாள் அவள். "மா மேலயே இருக்கட்டும். அவங்க இடத்தை யாரும் எடுக்க வேண்டாம். தொடுறதை மட்டும் அவங்க வாங்கிக்க வேண்டாம். அதுக்கு ஒரு வரி இருக்கே."

பாயிண்டர்-ஈவென்ட்ஸ், நன். நீங்கள் முதல் வாரமே படித்திருப்பீர்கள். எனக்கும் தெரிந்த வரிதான். வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வந்தது ஒன்பது மட்டும்தான். படத்தின் மேல் அந்த ஒரு வரியைப் போட்டால், படம் தெரியும், ஆனால் விரல் அதில் படாமல் அடியில் இருப்பதைப் போய்த் தொடும். போட்டேன். ஒன்பதுகளையெல்லாம் அழித்தேன். அக்காவின் போனில் பக்கத்தைத் திறந்தேன். அம்மன் பத்துக் கைகளோடு எல்லாவற்றுக்கும் மேலே அப்படியே நின்றாள். பட்டனைத் தட்டினேன். படிவம் திறந்தது. நான் அழுதுவிட்டேன்.

அந்த வரி இல்லாமலிருந்தால் படத்தை எடுத்திருப்பேன். நீங்களும் எடுத்துவிடுங்கள், யாரையும் கேட்காதீர்கள். விளக்கம் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

மத்தியானத்துக்குள் பதிவுகள் குவிந்துவிட்டன. சின்னப் போன் வைத்திருந்தவர்கள் எல்லோரும் நாலைந்து நாளாக அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். விடுமுறை கொடுத்த ஊழியர்களைப் பந்தல் பந்தலாகத் தேடி அழைத்து வந்தார்களாம். ராத்திரி மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கோபித்துக்கொண்டார். தளத்தில் ஏதோ கோளாறு, காலைவரை எல்லாம் சரியாக இருந்தது, இப்போது நோயாளிகளாக வந்து கொட்டுகிறது என்றார். நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, பார்த்துக்கொண்டே இருந்தேன். விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்ததும் முதலாளி இதிலிருந்து தன் பாடத்தைக் கற்றுக்கொண்டு ஒரு சுற்றறிக்கை விட்டார். இனிமேல் ஐந்து ஒன்பதுக்கு மேல் போடுவதானால் அவருடைய முன் அனுமதி வேண்டும்.

அண்ணாச்சி அன்று நாலு மணி நேரம் இயந்திரத்தில் இருந்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதியில் ஒருமுறை நின்று, தானாகவே மாடியேறினார். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போன்களை மாற்றிக்கொள்ள அக்கா மட்டும் மேலே வந்து போனார். இறங்கிப் போய் அண்ணாச்சியிடம் பேச எனக்குத் தைரியம் இல்லை.

தசமியன்று சாமியைக் கரைத்த பிறகு வீடு வீடாக இனிப்போடு போய் வாழ்த்துவது இங்கே வழக்கம். எங்கள் தமிழ்க் குடும்பங்களும் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டன. இருட்டுகிற நேரத்தில் சரசக்கா தட்டோடு வந்தார். தட்டில் தேங்காய் உருண்டை. பக்கத்தில், ரப்பர் பேண்ட் போட்ட அந்தப் போன். கையில் புதுப் போன் ஒன்று இருந்தது.

"நீ சொன்னபடி வாங்கிட்டேம்மா."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, உங்க போன்ல ஒரு குறையும் இல்ல. தப்பு என்னுது. நான் செஞ்ச பக்கத்துலதான் தப்பு."

"தெரியும்" என்றார் அக்கா. "சனிக்கிழமை சாயங்காலமே இதுலயும் தொறந்துச்சே. இன்னைக்கு நேரம் இதுலதான் போட்டேன். ஒரே அமுக்கு."

"அப்புறம் எதுக்குப் புதுசு வாங்கினீங்க?"

"இத உனக்குக் குடுக்கணும்லா? எனக்குன்னு ஒண்ணு வேண்டாமா?" தட்டை மேசைமேல் வைத்தார். "இனிமே எதைச் செஞ்சாலும் இதுல ஒரு தடவ அமுக்கிப் பாரு. அதுக்கப்புறம் எனக்கு வேலை செய்யுதுன்னு சொல்லு."

வாசல்வரை போன அக்கா திரும்பினார்.

"அன்னைக்கு உன் போன்ல தொறந்துச்சே, அப்பவே நீ போட்டுக் குடுத்திருக்கலாம். நானும் கேக்கல. வேலைக்குப் போற பிள்ளைய எதுக்கு நிறுத்தணும்னு விட்டுட்டேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதன்பிறகு நான் செய்த ஒவ்வொரு பக்கத்தையும் அந்தப் போனில் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினேன். முதலாளி அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிப் பல தடவை சொல்லிவிட்டார். அண்ணாச்சி அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை.

ஜன்னல் பக்கத்து மேசையின் இரண்டாவது இழுப்பறையில் அந்தப் போனை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். சார்ஜர் ஒயரை எடுத்துவிடாதீர்கள். பிடுங்கினால் பத்து நிமிடத்தில் உயிர் போய்விடும். சிம் கிடையாது, அலுவலக வைஃபை மட்டும்தான். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் காலை பத்தேகாலுக்கு அதில் ஓர் அலாரம் அடிக்கும். சரசக்கா வைத்தது. திரையில் 'இவுக கெளம்பணும்' என்று வரும். முக்கியமான கூட்டத்தின் நடுவில்தான் அடிக்கும், எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அணைத்துவிடுங்கள். அழித்துவிடாதீர்கள்.